ஸ்டாலின் பெருவீதியும் பிரெக்டின் இரு கவிதைகளும்



இன்றைய பேச்சிலே ஒரு வீதியைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றேன். இலக்கிய நிகழ்ச்சியில் வீதிக்கு என்ன வேலை என்று நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். சிலப்பதிகாரம் படித்தவர்க்கு அந்த ஐயம் எழாது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்திலே எவரெவர் குடியிருந்தனர், பட்டினப்பாக்கத்திலே எவரெவர் குடியிருந்தனர் என்பதை இளங்கோவடிகள் தெருத் தெருவாகச் சொல்லிச் செல்கின்றார். ஒரு நகரத்தில் யாருக்கு எங்கே இடம் என்பதை அறிய வேண்டுமாயின் அதன் வீதிகளைத்தான் பார்த்தல் வேண்டும்.

நான் சொல்லப் புகுந்த வீதி ஜேர்மனியின் தலைநகராகிய பேர்லினிலே, அந்நகரின் கிழக்குப் பாதியில் இருக்கின்றது. இன்று அதன் பெயர் கார்ல் மார்க்ஸ் அலே. 'அலே' என்றால் இருமருங்கும் மரம் நின்ற பெருவீதி. 1949 முதல் 1961 வரை அதன் பெயர் ஸ்டாலின் அலே. பன்னிரண்டே ஆண்டுகள் நிலைத்த பெயர்தான். ஆயினும் வரலாற்று நூல்களிலே அப்பெயரால்தான் அது பெரிதும் பேசப்படுகின்றது. அவ்வீதியைக் குறித்து பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய கவிதை ஒன்று அங்கே ஒரு கட்டடத்தின் வாயிலிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவ்வீதியிலே நிகழ்ந்த ஒன்றைக் குறித்து அவர் எழுதிய மற்றொரு கவிதை அவர் உயிரோடிருந்த காலத்தில் அச்சேறவேயில்லை. இவ்விரண்டுக்கும் இடையே கழிந்த காலம் ஏறத்தாழ ஓராண்டுதான்.

பிரெக்ட் எமக்குப் புதியவரல்லர். உயர்தர வகுப்பிலே நாடகமும் அரங்கியலும் படிக்கும் மாணவர் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் பரீட்சை எழுத முடியாது. அவருடைய வெண்கட்டி வட்ட நாடகத்தை ஹென்றி ஜயசேன 1967இல் சிங்களத்திலே மேடையேற்றியதையும், அது பல்லாண்டு காலம் இந்நாட்டு மக்களால் விரும்பிப் பார்க்கப்பட்டதையும் மூத்த நேயர்கள் அறிவார்கள். ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி நாடு நாடாக அலைந்த பிரெக்ட், யுத்தம் முடிந்த பின்னர் கிழக்கு பேர்லினைத் தேர்ந்து அங்கே குடியேறியவர். தொழிலாளருக்கென ஓர் அரசு அங்கே அமைகின்றது என்று நம்பி வந்தவர்.

பழைய காலத்திலே இந்த வீதி ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்பேர்ட் நகருக்குச் செல்லும் பாதையாக இருந்தது. இரு மருங்கும் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த வாடகை வீடுகள். வெளிச்சமில்லாத உள்முற்றங்களைச் சுற்றி ஐந்து மாடி உயரத்துக்கு எழுப்பப்பட்ட வீடுகள் அவை. 1930இல் வீதியின் கீழே சுரங்க ரயிற்பாதை திறக்கப்பட்டது. யுத்த காலத்துக் குண்டுவீச்சும், 1945 ஏப்ரிலில் கிழக்கிலிருந்து சோவியத் படை நகருக்குள் புகுந்தபோது நடந்த தெருச் சண்டையும் அப்பகுதியைத் தரைமட்டமாக்கின. இடிபாடு என்ற சொல்லை எமது நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலிலே அங்கு கட்ட நினைத்தது இப்போது இருப்பது போன்ற வீதியன்று. யுத்தத்தின் பின் நகரின் கட்டடப் பொறுப்பை ஏற்ற ஹான்ஸ் ஷரூன் என்ற கட்டடக் கலைஞர், பசுமைக்கு நடுவே சிறு சிறு குடியிருப்புகளாக நகரைப் புதிதாக அமைக்க விரும்பினார். அந்த எண்ணத்துக்கு இசைய லுட்மிலா ஹெர்சன்ஸ்டைன் என்ற பெண்மணி வரைந்த இரண்டு கட்டடங்கள் மாத்திரம் எழுந்தன. ஐந்து மாடி, வெளிப்புறமாக ஓடும் நீண்ட நடைவழி, அலங்காரம் எதுவுமில்லை. அவற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அரசின் மனம் மாறிவிட்டது. 1950இல் மொஸ்கோ சென்று திரும்பிய அதிகாரிகள் 16 கோட்பாடுகளைக் கொண்டுவந்தார்கள். தலைநகரின் பெருவீதிகள் கம்பீரமாக இருத்தல் வேண்டும், கட்டடம் தேசியப் பாரம்பரியத்தைக் காட்டுதல் வேண்டும், வெறும் பெட்டி போன்ற கட்டடம் முதலாளித்துவத்தின் சின்னம் என்றவாறாக அவை அமைந்தன. ஹெர்சன்ஸ்டைனின் கட்டடங்களை மறைப்பதற்காக விரைந்து வளரும் பொப்பிளர் மரங்களை முன்னால் நட்டார்கள். மரங்கள் வளர்ந்தன, கட்டடங்களும் பின்னாலே இன்றுவரை நிற்கின்றன.

இந்தக் கோட்பாடுகள் கலைஞர்களை எவ்வாறு ஆட்டிவைத்தன என்பது நோக்கற்பாலது. ஹெர்மன் ஹென்சல்மன் நவீன பாணியிலே தேர்ந்தவர். றிச்சர்ட் பவுலிக் டெசௌ நகரிலே புகழ்பெற்ற பௌஹவுஸ் காலத்தில் குரோப்பியசுடன் பணியாற்றியவர். ஹிட்லர் காலத்தைச் சீனாவின் ஷங்ஹாயிலே கழித்தவர். நேர்கோடும் கண்ணாடியும் கொங்கிறீற்றும்தான் இவர்களின் கல்வி. 1951இல் கட்சிப் பத்திரிகை ஹென்சல்மனைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. சில நாட்களுக்குள் அவர் வேறொரு வரைபடத்தைக் கொண்டுவந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரஷ்யக் கட்டடக் கலைஞர் ஷிங்கலை நினைவூட்டும் தூண்களும் விளிம்புகளும் அதிலே இருந்தன. அவ்வாறு உருவானதுதான் வெபர்வீஸ என்ற இடத்தில், பெருவீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கும் கோபுர வீடு. அடிக்கல் 1951 செப்டெம்பர் 1. குடிபுகுந்தது 1952 மே தினம். அஞ்சி வரைந்தார் என்று ஹென்சல்மனை ஏளனம் செய்வோர் உண்டு. நான் அந்தக் கட்டடத்தின் முன்னே நின்று பார்த்தவன். அளவறிந்து கட்டப்பட்ட, கண்ணுக்கு இதமான கட்டடம் அது. நிர்ப்பந்தத்தின் கீழும் கைத்திறன் தன் வேலையைச் செய்யும் போலும்.

பிரெக்டின் முதற் கவிதை அந்தக் கோபுர வீட்டின் வாயிலிலேதான் இருக்கின்றது. நாலே வரி. நாட்டுக்கும் நகருக்கும் அமைதியை வேண்டி, நகரைக் கட்டியவனை அந்நகர் நன்றாகக் குடியிருத்த வேண்டும் என்று கேட்கின்றது அது. பாராட்டுப் பா போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு நிபந்தனை என்றே நான் கருதுகின்றேன். அவ்வேளையில் அதனை வாசித்த அதிகாரிகள் பாராட்டாகவே கொண்டிருப்பார்கள்.

1952 பெப்ரவரி 3ஆம் திகதி பெருவீதிக்கு அடிக்கல் நாட்டினார் பிரதமர் ஓட்டோ குரோட்டவோல். எகொன் ஹார்ட்மன் என்பவர் போட்டியிலே முதலிடம் பெற்றிருந்தார். அவருடன் ஹென்சல்மன், பவுலிக் முதலாய ஐவரும் சேர்ந்து ஆறு பேர் பகுதி பகுதியாக வரைந்தார்கள். வீதியின் அகலம் ஏறத்தாழ 90 மீற்றர். எமது ஊர் வீதிகளில் பன்னிரண்டை அருகருகே போட்டால்தான் அந்த அகலம் வரும். இருபுறமும் ஏழு முதல் பத்து மாடிவரை உயர்ந்து, ஒவ்வொன்றும் 100 முதல் 300 மீற்றர் வரை நீண்ட தொடர்மாடிகள். கீழ்த்தளத்திலே கடைகள், புத்தகசாலைகள், உணவகங்கள். மேலே வீடுகள். முகப்பு முழுவதும் மைசன் நகரத்துப் பீங்கான் ஓடு. கூரை விளிம்பிலே சிற்பங்கள், மாடங்கள், தூண்வரிசைகள். கேக்குக்குப் பூசிய சீனிப்பாகு போன்ற பாணி என்று கேலி செய்தவர்கள் இருந்தனர். தொழிலாளர் அரண்மனை என்று பெருமையாகச் சொன்னவர்களும் இருந்தனர். இருவர் சொன்னதும் பொருந்தும்.

உள்ளே சென்றால் அரண்மனை என்பது மிகையன்று. வெந்நீர், மத்திய வெப்பமூட்டல், லிப்ட், ஓடு பதித்த குளியலறை. இடிந்த வீட்டின் நிலவறையிலே நிலக்கரிக்கு வரிசையில் நின்ற மக்களுக்கு இவையெல்லாம் கனவு. வாடகையோ மிகக் குறைவு. அயலவர் தாமே இடிபாட்டை அகற்றி, பழைய செங்கற்களிலிருந்து சாந்தைக் கொத்திக் கழித்து, மீண்டும் பயன்படக் கொடுத்தனர். வேலை முடிந்த பின் இவ்வாறு அரைநாள் முறைகளாக வந்து உழைத்தோருக்குச் சீட்டுக் குலுக்கல் மூலம் வீடுகளிற் சில வழங்கப்பட்டன. பெண்களே அதிகம் வந்தனர் என்பது பழைய புகைப்படங்களைப் பார்த்தால் தெரியும். இந்த நல்லவற்றையும் சொல்லாமல் அந்த வீதியின் கதையைச் சொல்வது நியாயமாகாது.

வீதியோரத்திலே 148 நாட்களிற் கட்டி முடித்த விளையாட்டு மண்டபம் ஒன்று. அதற்கெதிரே ஏறத்தாழ 5 மீற்றர் உயர வெண்கல ஸ்டாலின் சிலை. எல்லாம் வேகம். அந்த வேகந்தான் பின்னர் வினையாயிற்று.

1953ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசு, தொழிலாளரின் வேலையளவை ஆகக் குறைந்தது நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுமாறு ஆணையிட்டது. வேலையளவு என்பதைக் கொஞ்சம் விளக்குதல் நல்லது. ஒரு மேசன் ஒரு நாளைக்கு இத்தனை கல் வைக்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கும். அதற்கு மேல் வைத்தால் மேலதிகக் கொடுப்பனவு. அந்த மேலதிகத்தை நம்பித்தான் குடும்பம் நடக்கும். அளவைக் கூட்டிவிட்டால் அதே கை, அதே கல், அதே நேரம். கூலி மாத்திரம் குறையும். ஜூன் 30ஆம் திகதிக்குள் நடைமுறைக்கு வரவேண்டும் என்றார்கள். அன்று கட்சித் தலைவர் வால்டர் உல்பிரிக்டின் அறுபதாவது பிறந்த நாள்.

இதற்கிடையில் மொஸ்கோவின் வற்புறுத்தலால் அரசு தன் போக்கைத் தளர்த்தி, கமக்காரருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் சலுகைகளை அறிவித்தது. தொழிலாளரின் வேலையளவை மாத்திரம் குறைக்கவில்லை. தொழிலாளர் அரசிலே தொழிலாளருக்கு மாத்திரம் சலுகையில்லை. ஜூன் 16ஆம் திகதி காலையிலே தொழிற்சங்கப் பத்திரிகையே அந்த உயர்வு சரியானது என்று எழுதிற்று. அதனைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டாலின் அலேயில் 40ஆம் கட்டடத்தில் வேலை செய்தவர்கள் கருவிகளைக் கீழே வைத்தார்கள். சாரங்களிலிருந்து இறங்கி, அடுத்த வேலைத்தலத்தையும் அழைத்துக்கொண்டு, நகர நடுவே அமைச்சுகள் இருந்த மாளிகையை நோக்கி நடந்தார்கள். புறப்படும்போது சில நூற்றுவர். போய்ச் சேரும்போது ஏறத்தாழப் பதினாயிரவர். பிரதமர் வெளியே வரவில்லை. சுரங்கத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய அமைச்சர் ஒருவர் மேசையின் மேல் ஏறி நின்று, தாமும் ஒரு தொழிலாளியே என்றார். அதை நீர் மறந்து கனகாலம் என்ற பொருள்படக் கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

வானொலி நேயர்களுக்கு இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். அன்று மாலை மேற்கு பேர்லினில் அமெரிக்கர் நடத்திய வானொலி நிலையம் தொழிலாளரின் கோரிக்கைகளை ஒலிபரப்பிற்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பெருவீதியின் ஸ்ட்ராவுஸ்பேர்கர் சதுக்கத்திலே கூடுவது என்ற செய்தி பரவியது. மேற்கு பேர்லின் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் அதே வானொலியிற் பேசுகையில், அவரவர் ஊரிலும் அவரவருடைய ஸ்ட்ராவுஸ்பேர்கர் சதுக்கத்தைத் தேடிச் செல்லுங்கள் என்ற கருத்துப்படச் சொன்னார். ஓர் இடத்தின் பெயர் ஒரே இரவிலே பொதுப்பெயராகிவிட்டது. இலக்கணத்திலே சிறப்புப் பெயர் பொதுப்பெயராவதற்கு மாணவர்க்கு உதாரணம் காட்ட இதைவிட வேறு எனக்குத் தெரியவில்லை.

வேலையளவு உயர்வை அரசு முதல்நாள் மாலையே கைவிட்டிருந்தது. அதற்குள் கோரிக்கையும் வளர்ந்துவிட்டது. சுதந்திரமான தேர்தல் வேண்டும் என்றார்கள். ஜூன் 17இல் ஏறத்தாழ 700 ஊர்களிலே பத்து இலட்சம் அளவிலான மக்கள் வீதிக்கு வந்தனர். பிற்பகல் ஒரு மணிக்கு பேர்லினின் சோவியத் பகுதியிலே இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. சோவியத் தாங்கிகள் இறங்கின. ஆகக் குறைந்தது 55 பேர் உயிரிழந்தமை ஆவணங்களால் உறுதியாகியுள்ளது. கைதானவர்கள் ஆயிரக்கணக்கில்.

மூன்று நாள் கழித்து எழுத்தாளர் சங்கச் செயலாளரும், கூபா என்ற புனைபெயர் கொண்ட கவிஞருமாகிய கூர்ட் பார்ட்டல், கட்சிப் பத்திரிகையிலே கட்டடத் தொழிலாளரை விளித்து ஒரு கட்டுரை எழுதினார். தமக்கு வெட்கமாக இருக்கின்றது என்பது தலைப்பு. இனி நிறையவும் நன்றாகவும் கட்டினால்தான் இந்த மானக்கேடு மறக்கப்படும் என்று புத்தி சொன்னார். கல் சுமந்த கைகளுக்குப் பேனை பிடித்த கை சொன்ன புத்தி அது! என் தொழிலும் சொல்லை நம்பிய தொழிலாகையால், அந்தக் கட்டுரையின் செய்தியைப் படித்தபோது எனக்கே முகம் சுருங்கிற்று.

பிரெக்டின் இரண்டாவது கவிதை அதற்கான பதில். பத்து வரிதான். அரசின் நம்பிக்கையை இழந்தது மக்களின் குற்றம் என்ற அந்த வாதத்தை அப்படியே எடுத்து, அதன் முடிவுவரை கொண்டுபோய்ச் சிரிக்க வைக்கின்றார். தலைப்பு 'தீர்வு'. ஆனால் அவர் அதனைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். 1956இல் அவர் இறந்தார்; 1959இலேதான், அதுவும் மேற்கு ஜேர்மனிப் பத்திரிகை ஒன்றிலே, அது வெளிவந்தது.

பிரெக்டை வீரராக்குவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஜூன் 17ஆம் திகதியே அவர் உல்பிரிக்டுக்குக் கடிதம் எழுதினார். மக்களோடு விரிவாகக் கலந்து பேச வேண்டும் என்று அதிலே கேட்டிருந்தார். கட்சியோடு தமக்குள்ள பிணைப்பையும் கடைசி வாக்கியத்திலே கூறியிருந்தார். பத்திரிகை அந்தக் கடைசி வாக்கியத்தை மாத்திரம் அச்சிட்டது. வெட்டிய கை பத்திரிகையினுடையது. வெட்டுவதற்கு வசதியான வாக்கியத்தை எழுதிய கை அவருடையது. அடுத்த ஆண்டு ஸ்டாலின் சமாதானப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அரங்கையும் நடிகரையும் காக்க வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். பெட்டிக்குள் இருந்த கவிதையும் அவருடையதே, வெளியிலே சொன்ன வாக்கியமும் அவருடையதே என்று இரண்டையும் சேர்த்தே மாணவர்க்கு நான் படிப்பிப்பது வழக்கம்.

எழுந்த கட்டடங்களோ நிற்கவே செய்தன. 1954 டிசெம்பரிலே குருஷ்சேவ், வீண் அலங்காரக் கட்டடங்களைக் கண்டித்துப் பேசியதும் காற்று மறுபுறம் திரும்பிற்று. சதுக்கத்துக்கு மேற்கே 1959இல் தொடங்கிக் கட்டிய இரண்டாம் பகுதியிலே, தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளைப் பொருத்திய நேர்கோட்டுக் கட்டடங்கள் எழுந்தன. பத்தாண்டுக்கு முன் முதலாளித்துவப் பெட்டி என்று கண்டிக்கப்பட்ட அதே வடிவம்! 1961 நவம்பரிலே ஓரிரவில் ஸ்டாலின் சிலையை அகற்றினார்கள். வீதியின் பெயரையும் மாற்றினார்கள். சிலையின் ஒரு காதும் மீசையின் ஒரு துண்டும் தப்பி, பிற்காலத்திலே அவ்வீதியின் சிற்றுண்டிச்சாலை ஒன்றிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 1963இல் திறக்கப்பட்ட இன்டர்நஷனல் திரையரங்கும் அப்பகுதியிலேதான் உள்ளது. 1989 நவம்பர் 9ஆம் திகதி அங்கே ஒரு புதிய படம் முதன்முறையாகக் காட்டப்பட்ட இரவிலேதான் பேர்லின் சுவர் திறந்தது.

அந்த நகருக்கும் எமக்கும் ஓர் உறவு உண்டு. எண்பதுகளிலே எம்மவர் பலர் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பேர்லினுக்குப் போய்ச் சேர்ந்தனர். என் பெரியம்மாவின் மகன் அவர்களுள் ஒருவர். அவரிடம் நான் சென்றிருந்தபோது ஒரு பகற்பொழுது முழுவதும் அந்த வீதியை நடந்து பார்த்தேன். அலெக்சாண்டர் சதுக்கத்திலிருந்து, கொங்கிறீற்றுப் பகுதியைக் கடந்து, ஸ்ட்ராவுஸ்பேர்கர் சதுக்கத்தின் நீரூற்றையும் தாண்டி, ஹென்சல்மனின் இரட்டைக் கோபுரங்கள் நிற்கும் பிராங்பேர்ட்டர் தோர் வரை. அண்ணர் பலமுறை அந்த வழியாகக் காரோட்டியவர். நடந்தது அன்றுதான் முதற் தடவை என்றார். நடந்து பார்த்தால் அந்த அகலம் மனிதரைச் சிறிதாக்குகின்றது. கடைப் படிகளில் ஏறி, கதவுப் பிடிகளையும் மர வேலைப்பாடுகளையும் தொட்டுப் பார்த்தால் அதே வீதி மனிதரை மதிக்கின்றது. அணிவகுப்புக்கென்று ஒரு கணக்கும் குடியிருப்புக்கென்று மற்றொரு கணக்குமாக இரண்டு கணக்கிலே கட்டப்பட்டது போலும்.

பீங்கான் ஓடுகள் ஒட்டாமல் கழன்று விழுந்தன. அவசர வேலையின் கூலி அது. ஜேர்மனி ஒன்றிணைந்த பின்னர், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமான இவ்வீதியின் வீடுகளை அரசு தனியாருக்கு விற்றது; வாங்கியவர்கள் ஓடுகளைத் திருத்தினார்கள். 2018ஆம் ஆண்டின் இறுதியிலே அவற்றுள் ஏறத்தாழ 700 வீடுகள் பெரிய குடிமனை நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறவிருந்தன. வாடகை ஏறிவிடும் என்று குடியிருப்பாளர் அஞ்சினர். வயோதிபர் பலர், கட்டடம் புதிதாயிருந்த காலத்திலேயே குடிவந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஹென்சல்மன் காலத்து மாடங்களிலிருந்து பதாகைகளைத் தொங்கவிட்டார்கள். பேர்லின் மாநில அரசு தலையிட்டு, வாடகையாளருக்குச் சட்டம் தந்த முன்கொள்வனவு உரிமையை அவர்கள் பயன்படுத்தித் தன்னிடம் கையளிக்க வழிசெய்தது. 2019இல் அவ்வீடுகளுட் பெரும்பாலானவை அரசுக்குரிய குடிமனை நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தன. தொண்ணூறுகளிலே பொதுமக்கள் பணத்திற் கட்டியதை விற்ற அரசு, மீண்டும் பொதுமக்கள் பணத்திலேயே அதனை வாங்கிற்று.